சினிமா வாளுக்கும் கேடயத்துக்கும் வீட்டிலேயே பிளான் போடுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: சோழர் காலக் கதை கொண்ட ஒரு சரித்திரப் படத்தில் படைத்தலைவன் வைத்திருக்கும் வாளையும் வட்டக் கேடயத்தையும், கும்பகோணம் பக்கத்து ஊர் ஒன்றின் வைகாசித் திருவிழா நாடகத்துக்காகச் செய்ய வேண்டும். கையில் இருப்பவை ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டுமே. அளவு எதுவும் தெரியாது. பிளானை எப்படிப் போடுவது, எதில் செய்வது?

இதில் பலரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். படத்தைப் பார்த்து "வாள் மூன்று அடி இருக்கும்" என்று ஒரு நீளத்தைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கண்ணளவில் வரைவார்கள். நீளம் சரியாகவே இருந்தாலும் பொருள் வேறு மாதிரி தெரியும். நம் கண் நீளத்தைவிட விகிதத்தைத்தான் கவனிக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் கை வைக்கும் முன் விக்கிரகத்தின் உயரத்துக்கு ஒரு தென்னையோலையை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்பது அதுதான். முழ உயர விக்கிரகமானாலும் ஆள் உயர விக்கிரகமானாலும் பங்கு மாறாது, ஒரு பங்கின் அளவுதான் மாறும். உங்கள் பிளானையும் அப்படித்தான் போட வேண்டும்: முதலில் பங்கு, கடைசியில் செ.மீ.

அதற்கு முன்னால் ஃபிரேம் பொறுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் உதவாது, அது ஏற்கெனவே சுருங்கி நசுங்கியது. 1080 தரத்தில் ஓடும் படத்தை நிறுத்தி நீங்களே எடுங்கள். 2.39க்கு 1 என்ற அகலத்திரைப் படமானால், 1920 பிக்சல் அகலத்துக்குக் காட்சியின் உயரம் ஏறக்குறைய 803 பிக்சல் வர வேண்டும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கும். பட்டை இல்லாமல் திரை முழுக்க நிரம்பியிருந்தால், ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள் அல்லது படத்தை இழுத்திருக்கிறார்கள். வெட்டியது பரவாயில்லை, இழுத்தது ஆகாது. கேடயம் நேராகக் கேமராவைப் பார்க்கும் ஃபிரேம் ஒன்றில் அதன் அகலத்தையும் உயரத்தையும் அளந்தால் எது நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பொறுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். வாள் அசையாமல் இருக்க வேண்டும். பின்னணி கலங்கித் தெரியும், தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்த காட்சியாக இருந்தால் நல்லது. அகல லென்ஸில் கிட்ட வைத்து எடுத்ததில் கேமரா பக்கம் நீளும் நுனி பூதாகாரமாகத் தெரியும். மூன்றாவதுதான் பெரும்பாலும் தவறிப்போவது: படப்பிடிப்பில் ஒரே வாளுக்குப் பல பிரதிகள் இருக்கும். குளோசப்புக்கு வேலைப்பாடு மிகுந்தது ஒன்று, சண்டைக்கும் குதிரைச் சவாரிக்கும் ரப்பரிலோ ஃபைபரிலோ வார்த்தது வேறு. இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. போர்க் காட்சியில் எடுத்த நீளத்தையும் அரசவைக் காட்சியில் எடுத்த கைப்பிடியையும் சேர்த்து வரைந்தால் படத்தில் எங்குமே இல்லாத மூன்றாவது வாள் ஒன்று பிறக்கும்.

இனி அளவு. திரையில் அளவு தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். வாளைப் பிடித்திருக்கும் கையே போதும். பெரியவர் ஒருவர் பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது நான்கு விரலும் சேர்ந்த அகலம் பொதுவாக 8 முதல் 9 செ.மீ.; 8.5 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் முழு வாளும் தெரியும் தூரக் காட்சியில் அந்தக் கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அங்கே கை 74 பிக்சல்தான் இருக்கும். இரண்டு ஓரத்திலும் ஒரு பிக்சல் தப்பினால் கிட்டத்தட்ட 3 சதவீதம் போச்சு, முழு வாளில் அது 2 செ.மீ.

இரண்டு படியாகப் போங்கள். குளோசப்பில் கை 310 பிக்சல், கைக்காப்பின் (பிடிக்கு முன்னால் கையைக் காக்கக் குறுக்கே நிற்கும் தடுப்பு) முழு அகலம் 481 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 481ஐ 310ஆல் வகுத்து 8.5ஆல் பெருக்கினால் 13.2 செ.மீ. இப்போது தூரக் காட்சிக்கு வாருங்கள். அங்கே கைக்காப்பு 115 பிக்சல், வாளின் முழு நீளம் 648 பிக்சல். வகுத்தால் 5.63 மடங்கு, அதாவது 74.3 செ.மீ. கை இங்கே தேவையே இல்லை, வாள் தன்னைத்தானே அளந்துகொள்கிறது.

கைக்காப்பை 12 பங்காக வைத்துக்கொண்டால் ஒரு பங்கு 1.1 செ.மீ. மேலே சொன்ன உதாரணத்தில் கொண்டை (பிடியின் கடைசியில் இருக்கும் குமிழ்) நாலரை பங்கு, பிடி 9 பங்கு, கைக்காப்பின் கனம் ஒன்றரை, அலகு (வாளின் வெட்டும் பாகம்) 52.5 பங்கு. கூட்டினால் 67.5. அலகின் அகலம் அடியில் மூன்றரை பங்கு; கைக்காப்பிலிருந்து 38ஆம் பங்கில் 5 பங்காக விரிந்து, பிறகு நுனிக்குக் குறுகும். இந்தப் பட்டியல்தான் உங்கள் உண்மையான பிளான், கோட்டுப் படம் இதற்குப் பிறகுதான். வேஷம் கட்டுவது ஒரு பையன், அவன் நான்கு விரலும் சேர்ந்த அகலம் 6.8 செ.மீ. என்றால் ஒரு பங்கு 0.88 ஆகிறது, வாள் 59.4 செ.மீ.க்கு வந்துவிடும். எதையும் திரும்ப வரைய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. வாள் திரைக்கு இணையாக இல்லாமல் கேமரா பக்கமோ எதிர்ப்பக்கமோ சாய்ந்திருந்தால் நீளம் குறைந்து தெரியும். 20 டிகிரி சாய்வில் 6 சதவீதம், 30 டிகிரியில் 13 சதவீதம். அகலம் அவ்வளவாக மாறாது. ஆகவே நான்கைந்து ஃபிரேம்களில் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை எடுங்கள். சராசரி போடாதீர்கள். சாய்வு நீளத்தைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. எனவே கிடைத்ததில் பெரிய விகிதமே உண்மைக்கு நெருக்கம், டெலி லென்ஸ் காட்சிகளாக இருக்கும்வரை.

கேடயத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. வட்டம் எப்படிச் சாய்ந்தாலும் நீள்வட்டமாகத் தெரியும். அதன் நீண்ட அச்சுதான் விட்டம். அது 392 பிக்சல், பக்கத்தில் கைக்காப்பு 115 பிக்சல் என்றால் 45 செ.மீ. வரும். ஆனால் இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கேடயம் பிடித்த கை பொதுவாக முன்னால் நீண்டிருக்கும். கேமரா 3 மீட்டரில் இருந்து, கேடயம் 30 செ.மீ. முன்னால் வந்திருந்தால் 11 சதவீதம் பெரிதாகத் தெரியும், உங்கள் கேடயம் 50 செ.மீ. ஆகிவிடும். இரண்டு கையும் உடம்போடு ஒட்டி நிற்கும் ஃபிரேமைத் தேடுங்கள்.

கம்ப்யூட்டரில் வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் போதும், இலவசம். ஸ்கிரீன்ஷாட்டை அடியில் வைத்து, முதலில் ஒரு நடுக்கோடு போடுங்கள். வாளின் ஒரு பாதியை மட்டும் அதன் ஒரு பக்கம் வரைந்து மறுபக்கம் புரட்டிப் போடுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக வரைந்தால் ஒருபோதும் ஒத்துப்போகாது. கம்ப்யூட்டர் இல்லை என்றால் பிரின்ட் போட்ட படத்தில் 1 செ.மீ. கட்டம் போட்டு, பிரவுன் ஷீட்டில் அதற்கேற்ற பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக மாற்றுங்கள். சினிமா கட்அவுட் வரைந்தவர்கள் பின்பற்றிய வழி இது. பாதி மட்டும் வரைந்து, தாளை நடுக்கோட்டில் மடித்து வெட்டினால் மறுபாதி தானாக வரும்.

பிளானில் இரண்டு கோடு இருக்க வேண்டும். சிவப்பில் முடிந்த அளவு, நீலத்தில் வெட்டும் அளவு. திரையில் நீங்கள் அளந்தது பூச்சு, சுற்று எல்லாம் முடிந்த வாள். பிடியில் 2 மி.மீ. கயிறு சுற்றப் போகிறீர்கள் என்றால் இரு பக்கமும் சேர்த்து 4 மி.மீ. மரத்தில் குறைக்க வேண்டும். அலகின் விளிம்பில் ஃபோமும் பெயின்ட்டும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ. ஏறும். இந்த நீலக் கோடு இல்லாததால்தான் வீட்டில் செய்யும் வாள்கள் பெரும்பாலும் உலக்கை மாதிரி ஆகிவிடுகின்றன. பக்கவாட்டுத் தோற்றத்தையும், அடி, நடு, நுனி என மூன்று இடத்தில் குறுக்குவெட்டையும் வரையுங்கள். முன்தோற்றத்தை மட்டும் வைத்துச் செய்தால் பலகையில் வெட்டிய பொம்மைதான் கிடைக்கும்.

பிரின்ட் எடுக்கும்போது ஏ4 தாளில் நான்காகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று 1 செ.மீ. ஏறும்படி வையுங்கள். ஒவ்வொரு தாளிலும் 10 செ.மீ. கோடு ஒன்று கட்டாயம். ஜெராக்ஸ் கடையில் தாளுக்கு அடங்கும்படி சுருக்கும் அமைப்புதான் பெரும்பாலும் தானாக இருக்கும். நூறு சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கடையை விட்டு நகரும் முன் அந்த 10 செ.மீ. கோட்டில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 9.6 வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஃப்ளெக்ஸ் கடையில் ஸ்டிக்கர் வினைலில் ஒரே துண்டாக அடித்து, பிளைவுட்டின் மேல் நேராக ஒட்டி அறுப்பது இன்னும் சுலபம்.

மரத்தில் கை வைக்கும் முன் மளிகைக்கடை அட்டைப்பெட்டியில் ஒன்று வெட்டி, வேஷம் கட்டப்போகிறவர் கையில் கொடுத்துத் தூரத்தில் நின்று பாருங்கள். விகிதப் பிழை அட்டையிலேயே தெரிந்துவிடும்.

வாளின் உயிர் நடுப்பலகைதான். 6 மி.மீ. பிளைவுட், நுனியிலிருந்து கொண்டை வரை ஒரே துண்டு, மேல்தாளின் ரேகை நீளவாக்கில். அலகைத் தனியாகவும் பிடியைத் தனியாகவும் செய்து கைக்காப்பில் ஒட்டினால் முதல் ஒத்திகையிலேயே அங்கே முறியும், ஏனென்றால் வீச்சின் முழு விசையும் அந்த ஒரு இடத்தில்தான் விழுகிறது. கைக்காப்பு 12 மி.மீ. பிளைவுட்டில், நடுவில் துளை போட்டு நடுப்பலகையில் கோத்து ஏற்ற வேண்டும். பிடிக்கு இரண்டு பக்கமும் பூவரசுத் துண்டு, 10 செ.மீ. நீளம். டெல்டாவில் எந்த மரவாடியிலும் கிடைக்கும், இழைக்கவும் நன்றாக இருக்கும். அலகின் இரு பக்கமும் 5 மி.மீ. இ.வி.ஏ. ஃபோம் (மெத்தென்று வளையும் ரப்பர் போன்ற ஷீட்) ஒட்டி, நடு முதுகிலிருந்து விளிம்புக்குச் சரித்துச் சீவுங்கள். ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும் வரை பொறுத்து, பிறகு சேருங்கள். ஈரத்தோடு சேர்த்தால் வெயிலில் கொப்புளம் கிளம்பும். ஃபோமுக்குப் பதில் தெர்மாகோல் வேண்டாம். ரப்பர் பசையும் ஸ்பிரே பெயின்ட்டும் அதைக் கரைத்துக் குழி பறித்துவிடும். எம்.டி.எஃப். பலகையும் (மர நாரை அழுத்திச் செய்தது) வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் விளிம்பு உப்பிப் பிளக்கும்.

நுனியை 1 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் உருட்டிவிடுங்கள். பட்டறையில் சொல்லி இரும்பிலேயே அடித்துத் தரலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேடை ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும். 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய அலகுள்ள வாள், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில் ஆயுதமாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டு, நாடகத்துக்கு என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேடயத்தில்தான் கணக்கு கொஞ்சம் உண்டு. பக்கவாட்டு ஃபிரேமில் குவிவின் ஆழம் 7 செ.மீ. என்று வந்தது என வைத்துக்கொள்வோம். அரை விட்டத்தின் வர்க்கத்தோடு ஆழத்தின் வர்க்கத்தைக் கூட்டி, ஆழத்தின் இரட்டிப்பால் வகுத்தால் வளைவின் ஆரம் கிடைக்கும்: 22.5, 7 என்ற அளவுகளுக்கு 39.7 செ.மீ. ஒரு ஆணி அடித்து, 39.7 செ.மீ. நூலில் பென்சிலைக் கட்டி இழுத்தால் கேடயத்தின் பக்கவாட்டு வளைவு பிளானில் வந்துவிடும்.

ஃபோமில் செய்வதானால் தட்டையான வட்டத்தில் வெட்டு விட்டுச் சேர்த்துக் குவிக்க வேண்டும். மையத்திலிருந்து விளிம்புக்கு வளைவின் மேல் தூரம் 23.9 செ.மீ., அதுதான் தட்டை வட்டத்தின் ஆரம். அதன் சுற்றளவு 150.3, கேடயத்துக்கு வேண்டியது 141.4 மட்டும். மிச்சம் 8.9 செ.மீ.யை எட்டு வெட்டில் பகிர்ந்தால் விளிம்பில் ஒவ்வொன்றும் 1.1 செ.மீ. இதுவரை எல்லோரும் சரியாகச் செய்வார்கள். பிறகு விளிம்பிலிருந்து மையத்துக்கு நேர்கோட்டில் முக்கோணமாக வெட்டுவார்கள், கேடயம் கூம்பாகிவிடும். வெட்டின் ஓரமும் வளைய வேண்டும். மையத்திலிருந்து 18 செ.மீ.யில் அகலம் 4.8 மி.மீ., 12 செ.மீ.யில் வெறும் 1.4 மி.மீ. அதற்கு உள்ளே வெட்டவே வேண்டாம், ஃபோமைச் சூடு காட்டி அழுத்தினால் அதுவே குவிந்துகொள்ளும்.

மேடைக்கு நான் சிபாரிசு செய்வது காகிதக் கூழ் வழி. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை பிறந்த மண்ணில் இதற்குக் கைவேலை தெரிந்தவர்களும் கிடைப்பார்கள். முற்றத்தில் ஈர மணலைக் குவித்து நடுவில் ஒரு கம்பியை நேராக நடுங்கள். 39.7 ஆரத்தில் உட்குழிவாக அறுத்த பலகையை அந்தக் கம்பியைச் சுற்றித் திருப்பினால் மணல் மேடு சீரான குவிவாகச் சீவப்பட்டு வரும். காகிதம் 3 மி.மீ. கனம் ஏறும் என்பதால் அச்சின் விட்டம் 44.4 செ.மீ. இருந்தால் போதும். மேலே பாலித்தீன் போர்த்தி, மைதாப் பசையில் செய்தித்தாள் ஒட்டுங்கள். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்). பூச்சி அண்டாது, ஆனால் அது விஷம். அந்தப் பாத்திரம் திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது. தாளைக் கிழித்து ஒட்டுங்கள், கத்தரித்த ஓரம் கோடாகத் தெரியும். மூன்று அடுக்குக்கு ஒரு முறை நன்றாகக் காய விடுங்கள், மொத்தம் பத்து அடுக்கு. ஒரே மூச்சில் பத்தும் ஒட்டினால் வெளியே காய்ந்து உள்ளே பூசணம் பிடிக்கும். விளிம்புக்கு 150 செ.மீ. மூங்கில் பிளாச்சை வளைத்து, முனைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் கட்டி உள்பக்கம் ஒட்டுங்கள். இது இல்லாவிட்டால் விளிம்பு ஒரே வாரத்தில் அலை அலையாகிவிடும்.

படத்தில் கேடயத்தின் முன்னால் நான்கு குமிழ்கள் தெரிகிறதா? அவற்றை வெறும் அலங்காரமாக நினைத்து ஃபெவிகாலில் ஒட்டாதீர்கள். பழைய இந்தியக் கேடயங்களில் பின்பக்கக் கைப்பிடியின் வளையங்களைப் பிடித்திருப்பவை அவைதான். உள்ளே நடுவில் 14 செ.மீ. பிளைவுட் வட்டம் வைத்து, வளைவால் வரும் இடைவெளியைக் கூழால் நிரப்பி, நான்கு போல்ட்டை முன்னாலிருந்து செலுத்திப் பிடிவாரை அதில் கட்டுங்கள். போல்ட் தலையின் மேல் எம்-சீலில் குமிழ் உருட்டிக்கொள்ளலாம். இடமும் தானாகச் சரியாக அமையும்.

கைக்காப்பில் யாளி முகம் இருந்து, எந்த ஃபிரேமிலும் தெளிவாகத் தெரியவில்லை என்றால் கற்பனை செய்ய வேண்டாம். தாராசுரம் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே சோழர் கோயிலின் தூண்களையும் அடிவரிசைச் சிறு சிற்பங்களையும் பார்த்து வரைந்துகொண்டு வாருங்கள். புடைப்பு வேலைக்குத் தஞ்சாவூர் ஓவியக்காரர்களின் மக்கு போதும்: சலித்த சாக் பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு. ஒரு பூச்சுக்கு 2 மி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள். மேல்தோல் முதலில் காய்ந்து இறுகி, உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது வெடிக்கும். இது மரத்தின் மேல் மட்டும்தான் நிற்கும். வளையும் ஃபோமின் மேல் வைத்தால் உதிர்ந்துவிடும்; அங்கே பருத்திக் கயிறைப் பசையில் தோய்த்து ஒட்டி வரிகள் எடுங்கள்.

நிறத்தில் படத்தை அப்படியே நம்பாதீர்கள். தீப்பந்தக் காட்சியில் வெள்ளியும் பித்தளையாகத் தெரியும். அதே ஃபிரேமில் ஒரு வெள்ளை வேட்டியோ துண்டோ இருக்கிறதா பாருங்கள். அது எவ்வளவு மஞ்சளாக இருக்கிறதோ அவ்வளவு மஞ்சளை வாளிலிருந்தும் கழிக்க வேண்டும். பிரைமரும் அதன் மேல் பளபளப்பில்லாத கறுப்பும் அடித்துக் காய்ந்தபின், சில்வர் பெயின்ட்டை பிரஷ்ஷில் தொட்டுத் துணியில் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, மேட்டில் மட்டும் படும்படி தேயுங்கள். குழிவில் கறுப்பு நிற்கும்போதுதான் அது உலோகமாகத் தெரியும். குரோம் ஸ்பிரேயை நேரடியாக அடித்தால் மேடை விளக்கில் பிளாஸ்டிக் மாதிரி மினுங்கும். காற்று வீசும்போது வெளியே வைத்து ஸ்பிரே அடிக்காதீர்கள். வைகாசிக்கு வேண்டும் என்பதால் பங்குனியிலேயே பெயின்ட் வேலையை முடித்துவிடுங்கள்.